பட்டாளத்து நம்பர் பிளேட் ஏட்டய்யாவுக்கு உண்டா?

கேள்வி: வணக்கம் அம்மா. சென்னை மாநகரக் காவலில் 35 ஆண்டுகள் வேலை பார்த்துச் சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான். சென்ற ஆண்டு அமெரிக்காவில் மகன் வீட்டில் நான்கு மாதம் இருந்தேன். எதிர்வீட்டுக்காரரின் கார் நம்பர் பிளேட்டிலேயே ‘வெட்டரன்’ என்று பொறித்திருக்கிறது. முன்னாள் ராணுவத்தினருக்கு அரசாங்கமே கொடுப்பதாம். அவர் பட்டாளத்தில் இருந்தது நான்கே ஆண்டுகள். அதே தெருவில் 30 ஆண்டு போலீஸ் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு அந்த பிளேட் கிடையாதாம். ‘இது என்ன நியாயம்?’ என்றேன். ‘அப்பா, போலீஸ் வேறு, மிலிட்டரி வேறு’ என்று மகன் ஒரே வரியில் முடித்துவிட்டான். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. கல்லடி பட்டு நான்கு தையல் போட்ட புருவத்தைத்தான் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். ஓய்வுபெற்ற காவலருக்கும் அந்த பிளேட் கொடுத்தால் என்ன? நம் ஊரிலும் அப்படி ஒன்று வந்தால் எங்களையும் சேர்க்க வேண்டாமா?
- ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர், கொளத்தூர்

பதில்: கொடுக்கக் கூடாது என்பதுதான் என் பதில் ஐயா. முதலிலேயே சொல்லிவிட்டேன். கோபத்தில் பத்திரிகையை மூடினாலும் பரவாயில்லை, சற்று நேரத்தில் திறப்பீர்கள். போலீஸ்காரர் கோபம் எனக்குப் பழக்கமானது. என் அப்பா ஏட்டு. புதுப்பேட்டைக் காவலர் குடியிருப்பில் ஓர் அறையும் சமையலறையுமாக ஆறு பேர் இருந்தோம். என்னைக் கட்டிக்கொண்டவர் பட்டாளத்துக்காரர். ராணுவத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் ஏ.எஸ்.சி. பிரிவில் லாரி ஓட்டி ஹவில்தாராக வந்தவர். தீபாவளிக்குத் தீபாவளி மாமனாரும் மருமகனும் இதே வழக்கை இலைக்கு முன்னால் உட்கார்ந்து நடத்துவார்கள். ‘மாப்பிள்ளை, உங்களுக்குச் சண்டை வந்தால்தான் வேலை. எங்களுக்குச் சண்டை இல்லாத நாள் ஏது?’ என்பார் அப்பா. இவர் பாயசத்தை நிதானமாகக் குடித்துவிட்டு, ‘ஆனாலும் நீங்கள் வீட்டுக்கு வந்தீர்களே மாமா’ என்பார். அப்பா நைட் ரவுண்ட்ஸ் முடித்து விடியற்காலையில் வந்ததும், பந்தோபஸ்துக்குப் போய் மூன்று நாள் கழித்து வந்ததும் எனக்குத் தெரியும். ஆனாலும் வந்தார். இவர் எங்கள் மூத்த மகளை முதன்முதலாகப் பார்த்தபோது அவளுக்கு ஏழு மாதம். இவர் மீசையைப் பார்த்து வீறிட்டு அழுதாள்.

அந்த நாட்டு விவகாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அங்கே நம்பர் பிளேட் கொடுப்பது மாநில அரசு. பிளேட்டின் படமும் வாசகமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ராணுவத்தில் இருந்தேன் என்று வாயால் சொன்னால் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். படையை விட்டு வரும்போது கையில் கொடுக்கும் டிடி 214 என்ற தாளைப் பெரும்பாலும் கேட்பார்கள். எங்கள் வீட்டுக் கருப்புப் பெட்டிக்குள் இவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறதே, அதற்கு அமெரிக்க அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘வெட்டரன்’ யார் என்பதற்கு அவர்கள் கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 38ஆம் பகுதியில் வரையறையே இருக்கிறது. படையில் முழுநேரப் பணியில் இருந்து, அவமானகரமான காரணத்துக்காக அல்லாமல் விடுவிக்கப்பட்டவர். அவ்வளவுதான். எத்தனை தையல், எத்தனை இரவு என்று அது அளப்பதில்லை. எந்த வாசலில் நுழைந்து எந்த வாசலில் வெளியே வந்தாய் என்று மட்டும் கேட்கிறது. அதனால்தான் ராணுவத்துக்குள்ளேயே போலீஸ் வேலை பார்த்த மிலிட்டரி போலீஸ்காரருக்கு அந்த பிளேட் உண்டு. இளவயதில் படையில் இருந்துவிட்டுப் பிறகு ஊர்ப் போலீஸில் சேர்ந்தவருக்கும் உண்டு. உங்கள் மகன் வீட்டுத் தெருப் பெரியவர் போலீஸ்காரர் என்பதற்காக அவரை யாரும் ஒதுக்கவில்லை. அவரிடம் அந்தத் தாள் இல்லை.

இன்னொன்று சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். அந்தப் பெரியவருக்கு எதிர்வீட்டுக்காரருக்கு இல்லாத ஒரு சலுகை இருக்கக்கூடும். 2004இல் அங்கே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். குறிப்பிட்ட ஆண்டுகள் பணிபுரிந்து நல்ல முறையில் ஓய்வுபெற்ற காவலர், ஆண்டுதோறும் சுட்டுத் தேர்ச்சியைக் காட்டினால், நாடு முழுவதும் மறைத்த துப்பாக்கியுடன் நடமாடலாம். பழைய குற்றவாளி எவனாவது தேடி வந்தால் என்ன செய்வது என்ற பயம் போலீஸ்காரருக்கே உரியது, அதற்கான சட்டம் அது. சிப்பாய்க்கு அந்தப் பயம் இல்லை, எதிரி எல்லைக்கு அப்பால் இருந்துவிட்டான். அவரவர் வேலையின் தழும்புக்கு ஏற்ற மருந்து, ஐயா. ஒருவர் மருந்தை இன்னொருவர் வாங்கிக் குடித்து என்ன பயன்?

இனி நம் ஊருக்கு வருகிறேன். என் கணவர் 19 வயதில் சேர்ந்தார், 24 ஆண்டு முடித்து 43 வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரலில் இறங்கினார். அந்நாளில் சாதாரண சிப்பாய் என்றால் 15, 17 ஆண்டுகளிலேயே அனுப்பிவிடுவார்கள், நாற்பதைத் தொடாத வயதில். இவர் வந்தபோது பெரியவள் ஒன்பதாம் வகுப்பு, சின்னவன் ஐந்தாம் வகுப்பு. லடாக் மலைப்பாதையில் மூன்று டன் வண்டி ஓட்டிய மனிதர் ஒரு வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்தார். கூட்டத்தில் பெரியவர் ஒருவர் தினமும், ‘தம்பி, இந்தச் சலானை நிரப்பிக் கொடு’ என்பாராம். நிரப்பிக் கொடுப்பாராம். ‘முன்னாள் படைவீரர்’ என்ற சொல்லுக்கு அரசாங்கம் தனி விதி எழுதி, வேலையில் இடம் ஒதுக்கி, மாவட்டந்தோறும் நல அலுவலகம் வைத்ததற்கு வீரம் மட்டும் காரணம் இல்லை. பாதி வழியில் இறக்கிவிடுகிறோமே என்ற கடன் உணர்ச்சி. நம் காவலர் தேர்விலேயே அவர்களுக்கு 5 சதவீத இடம் இருக்கிறது, நீங்கள் கூடவே வேலை பார்த்திருப்பீர்கள். தமிழகக் காவலர் ஓய்வு பெறுவது 60 வயதில். உங்களுக்கு அந்தக் குறை இல்லை. வேறு குறை உண்டு, அதற்கும் வருகிறேன்.

நம் நாட்டில் முன்னாள் படைவீரருக்கென்று தனி நம்பர் பிளேட் எதுவும் கிடையாது. மேல்நோக்கிய அம்புக்குறியோடு கருப்பு பிளேட்டில் ஓடுவது பாதுகாப்பு அமைச்சகத்துக்குச் சொந்தமான வண்டி. அம்புக்குறிக்கு அடுத்த இரண்டு எண்கள் ஆண்டைக் குறிக்கும். அந்த அம்பு வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. 24 ஆண்டு அம்புக்குறி வண்டி ஓட்டியவருக்கு இன்று டி.என். 22 ஸ்கூட்டர். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த ‘பி.எச்.’ வரிசையில் வேண்டுமானால் ராணுவத்தினரும் அரசு ஊழியரும் ஒரே வரியில் நிற்கிறார்கள். ஆனால் அது மாநிலம் விட்டு மாநிலம் மாறுகிறவர்களின் அலைச்சலைக் குறைக்கப் பணியில் இருப்பவர்களுக்குக் கொடுப்பது. மரியாதைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சரி, நாளைக்கே சென்னையில் அப்படி ஒரு பிளேட் வருகிறது என்று வையுங்கள். அமெரிக்காவில் எதிர்வீட்டுக்காரர் காரைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள்? ‘பாவம், எங்கோ போய் நின்றவர்’ என்று ஒரு கணம் நினைத்திருப்பார்கள். மவுண்ட் ரோட்டில் ஒரு வண்டியில் ‘போலீஸ்’ என்று இருந்தால் நாம் என்ன நினைக்கிறோம்? கையை நெஞ்சில் வைத்துச் சொல்லுங்கள். ‘என்னை நிறுத்தாதே’ என்று எழுதியிருப்பதாகத்தான் வாசிக்கிறோம்.

1980களில் ஒரு மாலை, அப்பா ஸ்பென்சர் சிக்னலில் டியூட்டி. ஓர் அம்பாசடர் சிவப்பு விளக்கைத் தாண்டி வந்தது. முன்கண்ணாடிக்குள் ‘போலீஸ்’ என்று ஒரு தகரப் பலகை. அப்பா கையை நீட்டி நிறுத்தினார். உள்ளே இருந்தது அதிகாரி இல்லை, ஓய்வுபெற்ற ஓர் அதிகாரியின் மைத்துனர். ஜவுளிக்கடைப் பைகள் பின் இருக்கை முழுக்க. ‘வண்டி யாருடையது என்று தெரியுமா?’ என்று அவர் கேட்டதற்குள் அப்பாவின் கை நெற்றிக்குப் போய்விட்டது. இரவு சோறு பிசைந்துகொண்டே அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘இன்றைக்கு ஆளுக்கு சல்யூட் அடிக்கவில்லை, தகரத்துக்கு அடித்தேன்’ என்றார். அம்மா ரசம் ஊற்றினாள். அதற்குப் பிறகு அவர் சைக்கிளில்கூட எதையும் எழுதவிடவில்லை. என் தம்பி மட்கார்டில் சுண்ணாம்பால் ‘ஏட்டு’ என்று எழுதியதற்கு அடி வாங்கினான்.

நீங்களும் சிக்னலில் நின்றவர்தானே? உங்கள் புருவத் தழும்புக்கு மரியாதை செய்யப்போய், இன்று வெயிலில் நிற்கிற 24 வயதுக் கான்ஸ்டபிளின் கையை நெற்றிக்குப் போகவிடலாமா?

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1959 அக்டோபர் 21, லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ். சீனப் படை சுட்டு இறந்த பத்துப் பேரும் போலீஸ்காரர்கள். அன்று அந்த எல்லையைக் காத்துக்கொண்டிருந்தது போலீஸ். அதற்காகத்தான் ஆண்டுதோறும் அந்த நாளில் கடற்கரைச் சாலை டி.ஜி.பி. அலுவலக வளாகத்தில் மலர்வளையம் வைக்கிறார்கள். டெல்லியில் தேசியக் காவலர் நினைவிடம் திறந்தது 2018இல்தான். ஐம்பத்தொன்பது ஆண்டு தாமதம்! பட்டாளம் என்றால் ஒரு பேட்டைக்கே பெயர் வைத்த ஊர் நம்முடையது, காவலர் என்றால் பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். 2015 வெள்ளத்தில் ராணுவப் படகிலிருந்து இறங்கியவர்கள் ஜவான்களைக் கையெடுத்துக் கும்பிட்டதைப் பார்த்தேன். அதே தெருமுனையில் இடுப்பளவு நீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற காவலரிடம், ‘கரண்ட் எப்போது வரும்?’ என்று சண்டை போட்டார்கள். என் அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

ஆனால் இந்தக் குறைக்கு நம்பர் பிளேட் மருந்து இல்லை. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்த தமிழகக் காவலர்கள் பங்களிப்பு ஓய்வூதியத்தில் தள்ளப்பட்டார்கள். மத்திய அரசு 2004இல் புதிய ஓய்வூதியத்துக்கு மாறியபோது முப்படையினரை மட்டும் விட்டுவைத்தது. சண்டை போடுவதானால் அங்கே போடுங்கள், நானும் வருகிறேன். இன்னொன்றும் உண்டு, சின்ன விஷயம். அப்பா ஓய்வுபெற்ற பிறகு அவருடைய சைக்கிள் திருட்டுப்போயிற்று. புகார் கொடுக்க ஒரு காவல் நிலையத்துக்குப் போனார். தான் யார் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சம். ரைட்டர் மேசைக்கு முன்னால் இரண்டு மணி நேரம் நின்றார். சுவரோரம் மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன. திரும்பி வந்து, ‘நான் எத்தனை பேரை இப்படி நிற்கவைத்திருப்பேன்’ என்றார். சைக்கிளைப் பற்றிப் பேசவே இல்லை.

*

கேள்வி: என் கணவர் விமானப்படையில் இருந்தவர். ஸ்கூட்டரில் ‘எக்ஸ் சர்வீஸ்மேன்’ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார். எடுக்கச் சொன்னால், ‘நான் என்ன பொய்யா ஒட்டியிருக்கிறேன்?’ என்கிறார். போலீஸ் பிடிக்குமா அக்கா?
- இல்லத்தரசி, தாம்பரம்

பதில்: பொய்யா மெய்யா என்பது கேள்வியே இல்லை, தங்கையே. 2024 ஏப்ரல் கடைசியில் சென்னைப் போக்குவரத்துக் காவல் ஓர் அறிவிப்பு விட்டது. போலீஸ், பிரஸ், தலைமைச் செயலகம், டாக்டர், வக்கீல் என்று சொந்த வண்டியில் ஒட்டியிருப்பதையெல்லாம் எடுத்துவிட வேண்டும், மே 2 முதல் நடவடிக்கை என்று. முதல் முறை 500 ரூபாய், நம்பர் பிளேட் விதியை மறுபடி மீறினால் 1,500. ‘போலீஸ்’ என்பதையும் பட்டியலில் வைத்தார்கள் பாருங்கள், அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் வீட்டிலும் அன்று இதே வாக்குவாதம். கடைசியில் மே 1, விடுமுறை நாள், இவர் வாசலில் குந்தி உட்கார்ந்தார். சூடான தண்ணீரில் நனைத்த துணியை ஸ்டிக்கர் மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்தார். பழைய ஏ.டி.எம். கார்டின் விளிம்பால் மூலையிலிருந்து நெம்பினார். முழுதாக வரவில்லை, ‘சர்வீஸ்’ மட்டும் கையோடு வந்தது. மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெய். எல்லாம் போன பிறகும் மூன்று ஆண்டு வெயில் படாத இடம் நீள்சதுரமாகப் பளபளவென்று தெரிகிறது, எழுத்தே இல்லாத ஸ்டிக்கர் மாதிரி. ‘இதற்கும் அபராதம் உண்டா?’ என்று கேட்டார்.

அப்போதுதான் நம்பர் பிளேட்டை உற்றுப் பார்த்தேன். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புது வண்டிகளுக்கெல்லாம் உயர் பாதுகாப்பு பிளேட். என் தையல் நாடாவால் அளந்தேன். பின்புறம் இருபது சென்டிமீட்டர் அகலம், பத்து உயரம். இடது மூலையில் வெயிலில் மின்னுகிற அசோகச் சக்கரம், அதன்கீழ் நீலத்தில் ‘ஐ.என்.டி.’, அடியில் கண்ணாடி போட்டால்தான் தெரிகிற லேசர் எண். மீதி இடத்தை வண்டி எண்ணே அடைத்துக்கொள்கிறது. ஒரு புளியங்கொட்டை வைக்க இடம் இல்லை. உங்கள் கணவரிடம் நாடாவைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். விமானப்படைக்காரர்கள் அளவு என்றால் கேட்பார்கள்.

*

கேள்வி: சி.ஆர்.பி.எஃப்.பில் 31 ஆண்டுகள். காஷ்மீர், மணிப்பூர், சத்தீஸ்கர் என்று சுற்றிவிட்டு ஆவடியில் வீடு கட்டிக்கொண்டேன். ராணுவத்தினர் எங்களைப் போலீஸ் என்கிறார்கள், போலீஸார் எங்களை மிலிட்டரி என்கிறார்கள். நாங்கள் யார்?
- முன்னாள் உதவி ஆய்வாளர், ஆவடி

பதில்: அண்ணா, கொளத்தூர்க்காரர் கேள்விக்குப் பட்டென்று பதில் சொன்னேன். உங்களுக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. மாமாவும் மருமகனும் போட்ட சண்டையில் இரண்டு பேர் சொன்னதும் உங்களுக்குப் பொருந்தும். வீட்டுக்கும் வரவில்லை, சண்டையும் தினமும் இருந்தது. நான் மேலே சொன்ன ஹாட் ஸ்பிரிங்ஸில் இறந்தவர்கள் உங்கள் படைக்காரர்கள்தான்.

2012 நவம்பரில் மத்திய அரசு உங்களுக்கு ‘முன்னாள் மத்திய ஆயுதப் போலீஸ் படையினர்’ என்று பெயர் சூட்டியது. பெயர் வந்தது. முன்னாள் படைவீரருக்கு உள்ள சலுகைகள் அதே அளவில் கூடவே வரவில்லை. 2019இல் எல்லாப் பதவிக்கும் ஓய்வு வயது 60 என்று ஆக்கினார்கள், ஆகவே சீக்கிரம் அனுப்பிவிடுகிறார்கள் என்ற காரணமும் உங்களுக்குச் செல்லாது. ஆனால் 58 வயதில் சத்தீஸ்கர் காட்டில் முதுகில் சுமையோடு நடக்கிறவருக்கு ஒன்றுமே பாக்கி இல்லை என்று கணக்கை மூட என்னால் முடியவில்லை. இவரிடம் கேட்டேன். பாயசம் இல்லாததாலோ என்னவோ உடனே பதில் வந்தது: ‘அவர்களுக்குக் கொடுக்கலாம்.’ எதைக் கொடுக்கலாம் என்று கேட்பதற்குள் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்.

*

கேள்வி: முன்னாள் ராணுவத்தினர் அட்டையைக் காட்டியும் சுங்கச்சாவடியில் பணம் கேட்கிறார்கள். இது முறையா?
- வாசகர், வண்டலூர்

பதில்: முறைதான். தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் 2008இன்படி, ஓய்வுபெற்றவர் என்பதற்காக மட்டும் விலக்கு இல்லை. பரம்வீர் சக்ரா, அசோக சக்ரா, மகாவீர் சக்ரா, கீர்த்தி சக்ரா, வீர் சக்ரா, சௌர்ய சக்ரா பெற்றவர்கள் அதற்கான புகைப்பட அட்டையைக் காட்டினால் கட்டணம் இல்லை. உங்களிடம் அவற்றில் ஒன்று இருந்தால் மன்னிக்கவும், அடுத்த முறை அதைக் காட்டுங்கள். இல்லையென்றால் பாஸ்டேக்கில் பணம் போடுங்கள்.

*

கேள்வி: என் மகன் ராணுவத்தில் இருக்கிறான். என் காரில் ‘ஆர்மி’ என்று ஒட்டலாமா?
- பெருமைமிகு தந்தை, அண்ணா நகர்

பதில்: அவன் பனியில் நிற்க, அவன் பெயரைச் சொல்லி நீங்கள் பாரிமுனையில் நோ பார்க்கிங்கில் நிற்கப் போகிறீர்களா? வீட்டு ஹாலில் அவன் படத்தைப் பெரிதாக மாட்டுங்கள். வருகிறவர்களிடமெல்லாம் அரை மணி நேரம் பேசுங்கள். அதற்கு அபராதம் போட நம் ஊரில் இன்னும் சட்டம் வரவில்லை.

*

கேள்வி: ஜி.பி. ரோட்டில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். ‘போலீஸ்’, ‘ஆர்மி’ ஸ்டிக்கர் கேட்டு வருகிறவர்களிடம் அடையாள அட்டை கேட்க வேண்டுமா?
- கடைக்காரர், ராயப்பேட்டை

பதில்: அட்டை இருந்தாலும் ஒட்டித் தராதீர்கள் தம்பி. அபராதம் கட்டிய அன்று மாலை அவர் நேராக உங்கள் கடைக்குத்தான் வருவார். சிப்பாய் அல்லாதவர் சிப்பாய் மாதிரி உடையோ அடையாளமோ அணிந்து நம்பவைக்கப் பார்த்தால் பாரதிய நியாய சன்ஹிதாவில் 168ஆம் பிரிவு, அரசு ஊழியர் மாதிரி ஏமாற்றப் பார்த்தால் 205ஆம் பிரிவு. சட்டமே இரண்டு பேரையும் தனித்தனி அறையில்தான் வைத்திருக்கிறது, கொளத்தூர் ஐயா கவனிக்க. கல்யாணக் காருக்கு மாப்பிள்ளை, பெண் பெயரை இதயத்துக்குள் போட்டு வெட்டித் தருகிறீர்களே, அந்த வேலையைப் பெரிதாக்குங்கள். ஆவணியில் முகூர்த்தம் நிறைய வரும்.